நாலு பேரிடம் கருத்துக் கேட்க ஐந்து வழி: உங்கள் சர்வேக்கு எது சரிவரும்?

சர்வே எப்படி எடுப்பது என்று கேட்டு ஒரே மாதத்தில் மூன்று பேர் எனக்கு எழுதிவிட்டார்கள். மதுரை வில்லாபுரம் பக்கம் 340 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பின் நலச் சங்கச் செயலாளர் முதல் ஆள். குப்பை வண்டி, தெருநாய், தண்ணீர் வரும் நேரம் ஆகியவற்றைப் பற்றி வீட்டுக்காரர்களிடம் கருத்துக் கேட்டுக் கவுன்சிலரிடம் கொடுக்க வேண்டுமாம். "வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் போட்டா போதாதா சார்?" என்பது அவர் கேள்வி. அடுத்தவர் முதுகலை சமூகவியல் படிக்கும் மாணவி. உசிலம்பட்டி பக்கம் இரண்டு கிராமங்களில் காதல் கல்யாணம், சாதி மாறிய கல்யாணம் பற்றி ஊரார் என்ன நினைக்கிறார்கள் என்று ஆய்வு செய்கிறார். மூன்று மாதமும் பதினைந்தாயிரம் ரூபாயும் கையில் இருக்கின்றன. மூன்றாவதாக, மேலூர் பக்கம் ஒரு படிப்பகம் நடத்தும் இளைஞர்கள். டவுன் பஸ் நேரம் பெண்களுக்கு ஒத்துவருகிறதா என்று கேட்டு டிப்போவுக்கு மனு கொடுக்கப் போகிறார்கள்.

பன்னிரண்டு வருஷமாக மதுரையைச் சுற்றி இந்த வேலைதான் பார்க்கிறேன். அட்டையும் பேனாவும் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக அலைந்தது பாதி, அப்படி அலைகிறவர்களை மேற்பார்வை பார்ப்பது மீதி. இந்த மூவருக்கும் ஒரே வழியைச் சொன்னால் அது தப்பாகத்தான் இருக்கும்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

எல்லோரும் செலவில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது, இந்த வழியில் போனால் யார் விடுபட்டுப் போவார்கள் என்பது. எந்த வழியில் போனாலும் யாராவது விடுபடத்தான் செய்வார்கள். விடுபட்டவர்களும் மற்றவர்களைப் போலவே நினைக்கிறவர்கள் என்றால் பாதகமில்லை. வேறு மாதிரி நினைக்கிறவர்கள் என்றால் கணக்கே கவிழ்ந்துவிடும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்தும் எடுத்தவை. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில் போனும் காரும் யார் வீட்டில் இருக்கும்? போதாததற்கு, ரூஸ்வெல்ட் மேல் கோபமாக இருந்தவர்கள்தான் மெனக்கெட்டுச் சீட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அதே தேர்தலில் கேலப் என்ற கருத்துக் கணிப்பாளர் இதில் ஒரு சின்னப் பங்கு ஆட்களை மட்டும் கேட்டு, ரூஸ்வெல்ட் வருவார் என்று சரியாகச் சொன்னார்.

இரண்டாவது, பதில் சொல்லும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது. மூன்றாவது, உங்களுக்கு வேண்டியது எண்ணா, காரணமா என்பது. "எத்தனை பேர்" என்று கேட்கிற வழியும் "ஏன்" என்று கேட்கிற வழியும் வேறு வேறு. நான்காவது, கேள்விகளின் நீளம். பஸ்ஸுக்கு நிற்கிற ஆளிடம் நாற்பது கேள்வி கேட்க முடியாது. அப்புறம்தான் செலவு. அதிலும் கண்ணுக்குத் தெரிகிற செலவைவிடத் தெரியாத செலவுதான் அதிகம்.

"எத்தனை பேரைக் கேட்கணும்?" என்பதையும் இங்கேயே முடித்துவிடுவோம். குலுக்கல் முறையில் ஒழுங்காக எடுத்தால் 100 பேருக்குப் பிழை வரம்பு, அதாவது உங்கள் எண் உண்மையிலிருந்து விலகக்கூடிய தூரம், ஏறக்குறைய 10 சதவீதம் மேலோ கீழோ இருக்கும். 400 பேருக்கு 5, 1,000 பேருக்கு 3. பிழையைப் பாதியாக்க ஆட்களை நாலு மடங்காக்க வேண்டும். ஊர் பெரிதா சிறிதா என்பது இதில் அவ்வளவாகக் கணக்கில் வராது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான், ஆனால் பானை சீராக வெந்திருக்க வேண்டும். அடிப்பிடித்த பானையில் மேலாக ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

| வழி | யார் விடுபடுவார்கள் | எதற்கு நல்லது | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| வீடு வீடாக | வேலைக்குப் போனவர்கள், காம்பவுண்டுக்குள் வாடகைக்கு இருப்பவர்கள் | நீண்ட கேள்விகள், நம்பகமான எண் | பூட்டிய கதவுக்குத் திரும்பத் திரும்பப் போவது, சரிபார்ப்பு |
| போன் | சொந்தமாகப் போன் இல்லாத பெண்கள், தெரியாத நம்பரை எடுக்காதவர்கள் | குறுகிய கேள்விகள், மறுபடி பேசுவது | எண் பட்டியல் கிடைப்பது |
| லிங்க் | வயதானவர்கள், குரூப்பில் இல்லாதவர்கள், அக்கறை இல்லாதவர்கள் | சங்கம், வகுப்பு, அலுவலகம் மாதிரி மூடிய கூட்டம் | எண்ணிக்கையைப் பார்த்து வரும் போலி நிம்மதி |
| பொது இடத்தில் நிறுத்திக் கேட்பது | அந்த இடத்துக்கே வராதவர்கள் | அந்த இடத்தைப் பற்றிய கேள்வி | அனுமதி, அவசரப் பதில் |
| எட்டுப் பத்துப் பேரை உட்கார வைத்துப் பேசுவது | கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் | காரணம், ஊரில் புழங்கும் சொல் | பதிவைக் கேட்டு எழுதும் நாட்கள் |

## எடுக்கவே வேண்டுமா?

பாதிப் பேருக்கு நான் சொல்கிற பதில், வேண்டாம் என்பதுதான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகள். சராசரியாக மாவட்டத்துக்கு 900 வீடுகள் வருகின்றன. மதுரை மாவட்டத்துக்கென்று தனித் தகவல் அட்டையே இருக்கிறது. கழிப்பறை, சமையல் எரிவாயு, குழந்தைத் திருமணம் என்றெல்லாம் கேட்க நினைத்தவர்கள் முதலில் அதைப் புரட்டிப் பார்க்கலாம். கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்பதை அந்த ஆய்வு ஒரே கேள்வியாகக் கேட்பதில்லை. சொல்லாமல் வெளியே போனால், சமையல் சரியில்லாவிட்டால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என்று ஏழு சூழ்நிலைகளைத் தனித்தனியாகச் சொல்லிக் கேட்கிறது. கேள்வி எழுதக் கற்றுக்கொள்ள அந்த ஒரு பக்கமே போதும்.

அன்றாட வாழ்க்கை என்றால் மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இருக்கிறது. முந்தின நாள் விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை அரைமணி அரைமணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். 2019இல் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அந்த வேலை செய்கிற பெண்கள் நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாக வந்தது. 2024இல் அது 289, 88. ஐந்து வருஷத்தில் பெண்களுக்கு மிச்சமானது பத்து நிமிடம். ஆண்களின் நேரமும் கூடவே குறைந்திருப்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இவை மாவட்டம், மாநிலம், நாடு என்ற அளவில்தான் பேசும். உங்கள் தெருவைப் பற்றி எதுவும் சொல்லாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2011இலேயே நிற்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்ததற்கு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் கேள்வி ஒரு வார்டு, ஒரு ஊர், ஒரு பஸ் ரூட் என்றால் நீங்களேதான் இறங்க வேண்டும்.

## வீடு வீடாகப் போவது

நம்பகமான எண் வேண்டும் என்றால் இன்றைக்கும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்தியாவில் மதம் பற்றி அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019–20இல் 17 மொழிகளில் 29,999 பேரைக் கேட்டதும் நேரில்தான். லோக்நிதி என்ற ஆய்வு அமைப்பின் தேர்தல் ஆய்வுகளும் அப்படியே. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரைக் குலுக்கி எடுத்து அந்த ஆளையே தேடிப் போவார்கள்.

சரி, நாம் போனால் என்ன நடக்கும்? ஒரு முனையில் ஆரம்பித்து வலது கைப்பக்கமாக நடந்து ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று எடுங்கள் என்று பயிற்சியில் சொல்லிவிடுவோம். மதுரை அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் இது சுலபம். ஜெய்ஹிந்துபுரத்திலோ செல்லூரிலோ போய்ப் பாருங்கள். ஒரு கேட், அதற்குள் நடை, நடைக்கு இரண்டு பக்கமும் எட்டுக் குடித்தனம், கடைசியில் பொதுக் குழாய். புதுப் பையன் அந்தக் கேட்டை ஒரு வீடு என்று எண்ணிவிடுவான். வெளியே உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரரிடம் பதில் வாங்கிக்கொண்டு அடுத்த கேட்டுக்குப் போய்விடுவான். இப்படியே பத்துத் தெரு போனால் உங்கள் சர்வேயில் வாடகைக்காரர்களே இல்லை. தண்ணீர் பிரச்சினை பற்றிய சர்வேயில் பொதுக் குழாயில் குடம் வைக்கிறவர்கள் விடுபட்டால் மீதி என்ன இருக்கிறது? நடையின் கடைசிக் கதவு வரை போய் எண்ணச் சொல்வதுதான் என் முதல் நாள் பாடம்.

வாக்காளர் பட்டியலை வைத்துக் குலுக்கினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் பதினெட்டு வயது ஆகாதவர்கள், போன மாதம் குடிவந்தவர்கள், ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் இருக்கிற வடமாநிலத்து ஆட்கள் யாரும் அதில் இல்லை.

வீட்டைத் தேர்ந்தெடுத்தாயிற்று, வீட்டில் யாரைக் கேட்பது? காலை பதினோரு மணிக்குக் கதவைத் திறப்பது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரையே கேட்டுக்கொண்டு போனால் இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றவர்களும்தான் உங்கள் ஊர். அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவரைக் கேளுங்கள் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் ஒரு உத்தி இருக்கும். கிராமத்தில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். "எனக்குப் பொறந்தநாளா? நான் பொறந்த வருஷம் நல்ல மழைன்னு ஆத்தா சொல்லும்" என்பார் பெரியவர். வயது வரிசையில் பெயர்களை எழுதிக் குலுக்குவதுதான் இங்கே நடக்கிற காரியம். குலுக்கலில் வந்த ஆள் வேலைக்குப் போயிருந்தால் சாயங்காலம் திரும்பப் போக வேண்டும். அப்போதும் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. மூன்று முறை போவது என்பதுதான் வழக்கம், செலவு ஏறுவதும் அங்கேதான். ஒரு ஆள் நாளைக்குப் பத்துப் பேர், மிஞ்சினால் பன்னிரண்டு பேரைத்தான் உருப்படியாகக் கேட்க முடியும். 400 பேருக்கு நாற்பது ஆள்-நாள். கூலி, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 1,000 ரூபாய் என்று வைத்தாலே 40,000 ரூபாய் ஆகிவிடும்.

இன்னொரு செலவு சரிபார்ப்பு. முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஒரு பையன் ஒரே நாளில் பதினெட்டு படிவம் கொண்டுவந்தான். எல்லா வீட்டிலும் நாலு பேர், எல்லோருக்கும் "ஓரளவு திருப்தி". டேப்லெட்டில் இடக் குறிப்பைத் திறந்து பார்த்தால் பதினெட்டும் கண்மாய்க்கரை டீக்கடை ஒன்றிலேயே குத்தி நிற்கிறது. அவனைத் திட்டி என்ன புண்ணியம்? நாளைக்குப் பதினைந்து முடிக்கச் சொல்லி ஆணை போட்டவர்கள் நாங்கள். பத்தில் ஒரு வீட்டுக்காவது வேறு ஆள் திரும்பப் போய், இன்னார் வந்தாரா, என்ன கேட்டார் என்று விசாரிக்காத சர்வேயை நான் நம்புவதில்லை.

பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்ற விஷயத்துக்கு வருவோம். வாடிப்பட்டி பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. மருமகள் மல்லிகை கட்டிக்கொண்டிருக்கிறார், மாமியார் எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறார். மூன்றாவது கேள்வி, வீட்டுச் செலவு பற்றி முடிவெடுப்பது யார். "எல்லாம் அவுகதான்" என்றார் மருமகள், நாரிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் எழுதிக்கொண்டேன். பன்னிரண்டாவது கேள்வியில் தெருக்குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டு மாமியார் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். "அண்ணே, அந்த மூணாவதை மாத்திக்கிருங்க. குழுவுல லோன் வாங்கிப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுனது நான்தான்." அன்று தண்ணீர் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் அந்தப் படிவம் வேறு கதை சொல்லியிருக்கும்.

அந்த மாதிரி இடத்துக்குப் பெண்ணையே அனுப்பலாம், தனியாகப் பேசச் சொல்லலாம். ஆனால் கேட்கிற ஆளையும் அவர்கள் எடைபோடுவார்கள். "தம்பி எந்த ஊரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்பது எங்கள் பக்கம் நல்ல விசாரிப்புதான். அதற்குள்ளேயே சாதி என்ன என்ற கேள்வியும் ஒளிந்திருக்கும். நீங்கள் சொல்கிற ஊரையும் தெருவையும் வைத்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்புறம் வருகிற பதில்கள் அந்த முடிவுக்குத்தான்.

கடைசியாக ஒன்று. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து எங்கள் கையில் எழுதுகிற அட்டையைப் பார்த்தாலே "ஆயிரம் ரூவாய நிப்பாட்டிருவீங்களா?" என்பது முதல் கேள்வி. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் ஆரம்பித்த பிறகு "பேரை எடுத்துருவீங்களா?" என்பதும் சேர்ந்துகொண்டது. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கார் இருக்கிறதா, வருமானம் எவ்வளவு என்பதை முதல் பக்கத்தில் வைத்தால் மீதிப் பதில்களும் அந்தப் பயத்தோடுதான் வரும். அவற்றைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். பெயர் தேவையில்லை என்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

## போனில் கேட்பது

ஒரு நாளைக்கு இருபத்தைந்து முப்பது பேரிடம் பேசிவிடலாம். வெயில் இல்லை, நாய் இல்லை. மாமியாரும் பக்கத்தில் இருந்தாலும் கேள்வி அவர் காதில் விழாது. "ஆமாம்", "இல்லை" என்று பதில் வருகிற மாதிரி கேள்வியை அமைத்தால் எதிரில் இருப்பவருக்கு விஷயமே புரியாது.

ஆனால் யாருடைய எண்? குடும்ப நல ஆய்வின்படி இந்திய அளவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 54 சதவீதம் பேரிடம்தான் தாங்களே பயன்படுத்தும் போன் இருந்தது. அதற்குப் பிறகு கூடியிருக்கும், இருந்தாலும் கிராமத்தில் கொடுக்கிற எண் பெரும்பாலும் மகனுடையது. தெரியாத எண்ணை எடுப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். லோன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டத்தோடு உங்களையும் சேர்த்து வைத்துவிடுவார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் தாங்குவதில்லை.

ஏற்கெனவே ஒருமுறை நேரில் பார்த்தவர்களிடம் ஆறு மாதம் கழித்து மறுபடி பேச இதுதான் நல்ல வழி. முன்பின் தெரியாதவர்களிடம் இதில் ஆரம்பிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## லிங்க் அனுப்புவது

காசு செலவில்லை. ராத்திரி அனுப்பினால் காலையில் வட்டப்படம் போட்டுக் காட்டிவிடும். ஆபத்தே அந்த வட்டப்படம்தான். 340 வீட்டுக் குரூப்பில் 90 பேர் பதில் போட்டிருப்பார்கள். அதில் நாய் கடி வாங்கியவர் வீட்டில் மட்டும் நாலு பேர் போட்டிருப்பார்கள், நாய்க்குச் சோறு வைக்கிறவர் தன் தங்கச்சிக்கும் லிங்கை ஃபார்வர்ட் பண்ணியிருப்பார். நடுவில் இருக்கிற இருநூற்றைம்பது வீட்டுக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுதான் உண்மையான முடிவாக இருக்கலாம். அது வட்டத்தில் வராது. லிட்டரரி டைஜஸ்ட் கதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நம் குரூப்புகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இது சரிவருகிற இடமும் உண்டு. ஒரு கல்லூரி வகுப்பு, ஒரு அலுவலகம், ஒரு சங்கம் மாதிரி ஆட்கள் யார் யார் என்று முழுப் பட்டியல் கையில் இருக்கிற கூட்டத்துக்கு இது போதும். யார் போடவில்லை என்று பார்த்து நேரில் போய்க் கேட்கலாம். பெயர் தெரியாமல் பதில் சொல்ல முடிவதால் குடி, கடன், மன உளைச்சல் பற்றிய கேள்விகளுக்கு மற்ற வழிகளைவிட இதில் உண்மை கூடுதலாகவே வருகிறது என்பது என் அனுபவம். கேட்பவர் முகமே இல்லாதபோது யாருக்கு நடிப்பது? ஆனால் மின்னஞ்சலைக் கட்டாயமாக வாங்கிவிட்டு "உங்கள் பெயர் வெளிவராது" என்று எழுதாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. சட்டம் கிடக்கட்டும், ஜனங்களுக்கே இப்போது விவரம் தெரிகிறது.

## கூட்டம் கூடும் இடத்தில் நிறுத்திக் கேட்பது

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் ஒரு மணி நேரத்தில் தென்மாவட்டமே கடந்து போகும். அதனாலேயே அது மதுரை இல்லை. பூ மார்க்கெட்டில் விடியற்காலை நிற்பவர்கள் ஒரு ஊர், மாசி வீதியில் சாயங்காலம் நடப்பவர்கள் இன்னொரு ஊர். டிவி சேனல்கள் மைக்கை நீட்டிக் கேட்கிற 'மக்கள் கருத்து' இந்த வகைதான். பேசத் தெரிந்தவர், நேரம் இருக்கிறவர், கேமராவுக்குக் கூச்சப்படாதவர், இப்படி மூன்று வடிகட்டியில் வடிகட்டிய கருத்து அது.

அந்த இடத்தைப் பற்றியே கேள்வி என்றால் மட்டும் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறை, சந்தையில் இடவசதி, ஆஸ்பத்திரி வரிசை எல்லாம் அங்கே வந்தவரைத்தானே கேட்க வேண்டும்? ஐந்து கேள்விக்கு மேல் போகக் கூடாது. முகத்தைப் பார்த்து ஆள் பிடிக்காமல் குறிப்பிட்ட தூணைக் கடக்கிற பத்தாவது ஆள் என்று விதி வைத்துக்கொள்ள வேண்டும். சித்திரைத் திருவிழா நேரத்தில் மட்டும் இறங்காதீர்கள். அந்தப் பத்துப் பதினைந்து நாள் மதுரையில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று பிரிக்கவே முடியாது.

## உட்கார வைத்துப் பேசுவது

எட்டுப் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், டீ வடை. இதிலிருந்து எண் வராது. "பத்தில் ஏழு பேர் சொன்னார்கள்" என்று எழுதினால் அது மோசடி. வருவது சொற்கள். "குடும்ப முடிவு" என்று நான் எழுதிக்கொண்டு போனதை ஒரு கூட்டத்தில் வாசித்தபோது, "முடிவுன்னா சாவா?" என்று ஒரு பாட்டி கேட்டார். அன்றிலிருந்து "யார் சொல்றது நடக்கும்?" என்றுதான் கேட்கிறேன்.

ஆண் பெண் தனித்தனி, வயது தனித்தனி, முடிந்தால் தெருவும் தனித்தனி. ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். கிராமசபை நாட்களில் கூடுகிற கூட்டத்தை மடக்கிப் பேசலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே அணி பிரிந்திருக்கும், வேண்டாம். பதிவை ஓட விட்டு எழுதுவதற்கு ஒன்றரை மணி நேரப் பேச்சுக்கு ஒரு முழு நாளாவது பிடிக்கும். யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

## அந்த மூவருக்கும்

வில்லாபுரத்துச் செயலாளருக்கு: லிங்கை விட்டுவிடுங்கள். 340 வீட்டின் எண்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி 180 எடுங்கள். மொத்தத்தில் பாதிக்கு மேல் கேட்டுவிடுவதால், 400 பேர் இல்லாமலே பிழை ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு வந்துவிடும். மாடி வாடகைக்காரர்களுக்கும் தனிச் சீட்டுப் போட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள். சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் ஆளுக்குப் பதினெட்டு வீடு, தன் தெரு அல்லாத தெரு, ஆறே கேள்வி. இரண்டு ஞாயிறு போதும், டீச் செலவுதான். "குப்பை வண்டி ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்காமல் "போன வாரம் எத்தனை நாள் வந்தது?" என்று கேளுங்கள். கவுன்சிலர் முன்னால் "திருப்தி இல்லை" என்பதைவிட "ஏழில் மூன்று நாள்" என்பதற்கு எடை அதிகம்.

மாணவிக்கு: உங்கள் பாடு கஷ்டமானது. "சாதி மாறிக் கல்யாணம் செய்வதை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டால் படித்த பிள்ளை கேட்கிறது என்று பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். ஊரில், தெருவில், சொந்தத்தில், வீட்டில் என்று படிப்படியாகக் கிட்டே கொண்டுவந்து கேளுங்கள். எந்தப் படியில் நின்று பதில் மாறுகிறதோ அதுதான் உங்கள் ஆய்வு. முதல் மாதம் நாலு கூட்டம் போட்டுப் பேசி ஊர்ச் சொற்களைப் பிடியுங்கள், பிறகு 200 பேரை வீட்டில் போய்க் கேளுங்கள்.

மிகவும் கூச்சமான ஒரு கேள்விக்கு மட்டும் நாணயத்தைப் பயன்படுத்தலாம். 1965இல் வார்னர் என்ற புள்ளியியலாளர் தொடங்கிவைத்த உத்தியின் எளிய வடிவம் இது. பதில் சொல்கிறவர் திரும்பி நின்று நாணயத்தைச் சுண்ட வேண்டும், உங்களுக்குக் காட்டக் கூடாது. பூ விழுந்தால் எதுவானாலும் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும், தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 200 பேரில் 160 பேர் ஆமாம் சொன்னார்கள் என்று வையுங்கள். அதில் ஏறக்குறைய 100 பூ சொன்னது. மீதி 100 பேரில் 60 பேர் மனதாரச் சொன்னது. யார் அந்த 60 என்பது உங்களுக்கும் தெரியாது, அந்த ஊருக்கும் தெரியாது. விலை என்னவென்றால் இந்தக் கணக்கில் பிழை வரம்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். அதோடு பாட்டிமார்களுக்கு விளையாட்டைப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் சிரித்துக்கொண்டே சுண்டுவார்கள். தலைப்பில் "மதுரை மாவட்டத்தில்" என்று போட வேண்டாம். இரண்டு கிராமம் இரண்டு கிராமம்தான்.

மேலூர்த் தம்பிகளுக்கு: நீங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஸ்டாப்பில் ஆள் கிடைப்பதில் குறைவிருக்காது. ஆனால் சாயங்காலம் வேலை விட்டு வர பஸ் இல்லை என்று மில் வேலையை விட்ட பெண் ஸ்டாப்பில் நிற்க மாட்டார், வீட்டில் இருப்பார். ஷேர் ஆட்டோவுக்கு மாறியவரும் நிற்க மாட்டார். பஸ் சரியில்லை என்று சொல்லக்கூடிய ஆட்கள்தான் பஸ் ஸ்டாப்பில் இல்லாதவர்கள். ஆகவே பாதியை ஸ்டாப்பில் கேளுங்கள், மீதிப் பாதியை அந்த ரூட்டில் உள்ள ஊர்களுக்குள் போய் வீடுகளில் கேளுங்கள். வீட்டுப் படிவத்தில் முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: "கடைசியா எப்பம்மா பஸ் ஏறுனீங்க?"